உடைந்த இணைப்புகள் பூஜ்யம்

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை தொங்குகிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அதில் ஒரு வரி வரும்: உடைந்த இணைப்புகள் பூஜ்யம். பச்சை எழுத்தில். இப்போதெல்லாம் அந்தப் பச்சையை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அது முதன்முதலாகப் பச்சையான அன்று கேக் வெட்டினோம். கத்தியைப் பிடித்தவள் நான்தான்.

பள்ளிக்கூட அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி எங்களுடையது. மாணவர் சேர்க்கை, வருகைப்பதிவு, அடையாள அட்டை எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அதற்கு உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. புகைப்படம் ஏறவில்லையா, இப்படிச் செய்யுங்கள் என்கிற மாதிரி ஆயிரத்து இருநூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் இங்கே அழுத்து, அங்கே போ என்று இணைப்புகள். வெளியே இருக்கிற தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டுப் போய்விடும். அழுத்துகிறவர்கள் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்து திட்டுவார்கள். அதற்காக ஒரு நிரல் எழுதி ஓட விட்டேன். தினமும் எல்லா இணைப்பையும் அதுவே சோதிக்கும், உடைந்ததை அதுவே மாற்றும். அலுவலகத்தில் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டரின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். யாராவது திறந்தால் நல்ல இணைப்பு. திறந்தது வீட்டுக்காரரா திருடனா என்றெல்லாம் கேட்க மாட்டார். யாருமே திறக்காவிட்டால், தோதான வேறு முகவரியை அவரே எழுதிவிட்டு வருவார். உருப்படியான பழக்கம் ஒன்றே ஒன்று அவரிடம் இருந்தது. இணைப்பைக் கொடுத்த அன்று இருந்ததற்கும் இன்றைக்கும் உள்ளே எல்லாமே மாறியிருந்தால் மஞ்சளில் ஓர் எச்சரிக்கை எழுதுவார். வாரத்துக்கு நானூறு மஞ்சள் வந்தது. முக்கால்வாசி, யாரோ கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்த கதை. மஞ்சள் ஒன்று மிச்சம் இருந்தாலும் சுவர்த் திரை பச்சையாகாது. எங்கள் மேலாளருக்கு மஞ்சளே ஆகாது. அவருக்குப் பச்சைக்கிளி என்று பட்டப்பெயர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விடுவார். நானும் பத்து நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினோராம் நாள், வெளித்தளங்களுக்கு வரும் மஞ்சளைக் காட்டாதே என்று ஒரு வரி எழுதினேன். மறுநாள்தான் கேக்.

என் அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, வேலை பார்க்கிற பள்ளியிலும் எங்கள் மென்பொருள்தான். பதினான்கு வருஷமாக அங்கே அலுவலக உதவியாளர். அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்தத் திங்கட்கிழமை, பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் பள்ளி அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படிவத்தில் ஏறுவதை அவர்களும் பார்த்துச் சரி சொல்லட்டும் என்று அண்ணியின் கம்ப்யூட்டரைப் பெரிய திரையோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் படம் அளவில் பெரிதாக இருந்ததால் ஏறவில்லை. அண்ணி உதவிப் பக்கத்தைத் திறந்தார். 'படத்தைச் சிறிதாக்க இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அழுத்தினார்.

திரை முழுக்க அம்மணம். சத்தத்தோடு. ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது. எதிரே பதினோரு பெற்றோர், நான்கு குழந்தைகள். கடைசியில் ஒரு குழந்தையின் அப்பா எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கினாராம். பிடுங்கிவிட்டு, வேலை நேரத்தில் இதைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பாயா என்று அண்ணியிடம் கேட்டாராம்.

தலைமை ஆசிரியை அண்ணியை அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை விசாரணை. இப்படியொரு பெயரோடு வெளியே அனுப்பினால் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் வாசலில்கூட நிற்க விடாது. சாயங்காலம் அண்ணி சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. அண்ணன் போனைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் தானா அங்கெல்லாம் போகாதே" என்றான்.

தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டான். கட்டிய பெண்டாட்டியை நம்ப அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் போதவில்லை.

அவனைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அந்த வாக்கியம் நான் எழுதியது என்று மேடைப் பக்கத்தில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தைச் சுருக்கித் தருகிற அந்தத் தளம் எப்போதோ மூடிப்போய், அதன் பெயரை எவனோ வாங்கிக் கடை விரித்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் தினமும் போய்த் தட்டியிருக்கிறார். அவனும் தினமும் திறந்திருக்கிறான். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். முதலில் அலுவலகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிகள் எல்லோரும் சொல்லிக்கொள்வது அதுதான்.

செவ்வாய்க் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து அழுத்தினேன். எங்களுடைய சொந்தப் பக்கம் ஒன்று வந்தது. புகைப்பட அளவுகள், துடைத்து வைத்த மாதிரி ஒரு அட்டவணை. அந்தச் சாக்கடைத் தளம் விடியற்காலையில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டிருக்கிறது. கதவு திறக்காததால் இன்ஸ்பெக்டர் முகவரியை மாற்றி எழுதிவிட்டார். இத்தனை மாதம் விட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் தாமதமாக. சுவரில் 'தானாகச் சரிசெய்தவை ஒன்று' என்று மின்னியது. அண்ணிக்கு இருந்த ஒரே சாட்சியை நான் எழுதிய நிரலே கழுவிவிட்டது. பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்துக்குப் போன தடம் இருக்கும். எங்கள் பக்கம் வழியாகத்தான் போனார் என்பதற்கு எதுவும் இருக்காது. தலைமை ஆசிரியை எத்தனை தடவை அழுத்தினாலும் அட்டவணைதான் வரும்.

பச்சைக்கிளியிடம் ஓடினேன். அவர் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியிலிருந்து நேற்றே விளக்கம் கேட்டார்களாம், இன்று காலையிலேயே பதில் போய்விட்டதாம். எங்கள் உதவிப் பக்கங்களில் தவறான இணைப்பு ஏதும் இல்லை, எல்லாம் தினமும் சோதிக்கப்படுகின்றன, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது என்று பதில்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்."

"அதான் தானாவே சரியாயிடுச்சே. இல்லாத ஒண்ண இருந்துச்சுன்னு நாமளே எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

சொல்லிவிட்டு, கறை போயிற்றா என்று கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மனுஷன் அனுப்பிய கடிதத்தில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அங்கே மாட்டிக்கொண்ட அம்மா என் அண்ணி என்றேன். அப்படியென்றால் நீங்கள் இதில் தலையிடாமல் இருப்பது இன்னும் நல்லது என்று சொல்லி, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் எங்கள் வேலையில் ஒன்று உண்டு. யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும், ஆளானாலும் நிரலானாலும், பழைய வரியும் புதிய வரியும் பதிவேட்டில் அப்படியே தங்கிவிடும். புதன்கிழமை அதைத் தோண்டினேன். செவ்வாய் விடியலில் மாறிய முகவரி கிடைத்தது. அது ஒரு தாள். இன்ஸ்பெக்டர் எனக்குக் காட்டாமல் எழுதி வைத்திருந்த மஞ்சள்களும் கிடைத்தன. அந்தத் தளம் முழுவதுமாக மாறிவிட்டது என்று ஐந்து மாதமாக, ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். அந்தப் பட்டியலின் தலையில் 'காட்டாதே' என்ற வரியும், அதை எழுதியவள் பெயரும் இருந்தன. என் பெயர்தான். அது இரண்டாவது தாள். அலுவலகப் பதிவை வெளியே கொண்டுபோனால் வேலை போகும், அது தெரிந்ததுதான். வேலையோடு மானமும் போகிற தாள் இரண்டாவது. முதல் தாள் மட்டுமே போதும் என்று அன்று முழுக்க எனக்கு நானே வாதாடினேன். ஆனாலும் இரண்டையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியை அறைக்குள் நான் கேட்காமலேயே நுழைந்தேன். அண்ணி ஓரமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் யார், எங்கே வேலை செய்கிறேன் என்று சொல்லி முதல் தாளைக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து எங்கள் கம்பெனி அனுப்பிய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தினமும் சோதித்தோம், எல்லாம் நல்ல இணைப்பு என்று இது சொல்கிறது, ஒரே கம்பெனியின் இரண்டு காகிதத்தில் நான் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறிக்கையின் அடியில் 'தயாரித்தவர்' என்று என் பெயர் இருந்தது. நிரல் ஒவ்வொரு நாளும் தானாகவே போடுகிற பெயர். எப்போது கடைசியாக அதைப் படித்துப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இரண்டாவது தாளை எடுத்து வைத்தேன்.

"இந்த எச்சரிக்கைய நிறுத்தினது யாரு?"

"நான்தாங்க. நிறைய வந்துச்சு, பாக்கச் சலிப்பா இருந்துச்சு."

அதை விடக் கௌரவமான காரணம் என்னிடம் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அந்த மூன்று நாளாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தாளையும் கோப்பில் வைத்தார். அந்தப் பெற்றோர்களுக்கு இன்றே நடந்ததை எழுதி அனுப்புவதாகச் சொல்லி, அண்ணியிடம் ஒரு தடவை மன்னிப்பும் கேட்டுவிட்டு, இருக்கைக்குப் போகலாம் என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த நினைப்பும் எனக்கு இருந்தது, வெட்கமில்லாமல். அவர் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். அதே அறிக்கையின் நகல்.

"செவ்வாக்கிழமை விசாரணை லெட்டர் வாங்கப் போனப்பவே இதையும் குடுத்துட்டாங்க. கீழ உன் பேரு இருந்துச்சு. நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன். ரெண்டு நாளும் நீதான் எனக்கு டீ போட்டுக் குடுத்த."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கைப்பையை மூடினார்.

"உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா இன்னொரு கதைன்னு நெனைப்பாரு."

காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு அலுவலகத்துக்குள் போனார். சன்னலுக்கு வெளியே யாரோ இரண்டு பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள். அண்ணி கம்ப்யூட்டரைப் போட்டார், பிறகு திரும்பி, பெரிய திரையின் ஒயரைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். என் குரலைக்கூடக் கேட்கவில்லை.

"என்ன, ஒத்துக்கிட்டாளா?" என்றான்.