முட்டியைத் தொடாதவன்

திண்டிவனம் மைதானத்தில் நடந்த சடுகுடு மேட்சின் முதல் பாதியில் மூன்று தடவை பாடிப் போனேன். மூன்று தடவையும் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மற்றவர்கள் என் இடுப்புக்குப் பாய்ந்தார்கள், வழுக்கி விழுந்தார்கள். என் வலது முட்டியை மட்டும் ஒருத்தனும் தொடவில்லை. அந்தத் திண்டிவனம் டீமில் கால் பிடிப்பது சக்கரபாணியின் வேலை. பாடி வருகிறவன் காலை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க அவன் ஒன்றும் புதுசில்லை. போன வருஷம், அறுபத்து மூன்றில், இதே மைதானத்தில் என் முட்டியைக் கட்டிப்பிடித்துத் திருகி உள்ளே இருந்த நாரை அறுத்தவனே அவன்தான். அப்படிப்பட்டவன் சும்மா விடுகிறான் என்றால் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தொடையிலிருந்து ஒரு பட்டை நாரை எடுத்து முட்டிக்குள் கோத்துத் தைத்தார். தைத்ததாகச் சொன்னார். மயக்கம் கொடுத்துவிட்டு மேலே கீறித் தைத்து அனுப்பியிருந்தாலும் எனக்கு என்ன தெரியும்? மூன்று மாதம் மாவுக்கட்டு. அப்புறம் பாதத்தில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கித் தூக்கி இறக்கினேன். விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் கூட வேலை பார்க்கிறவர்கள், நடக்கிறாயே, அதுவே போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. ஒரு மேட்ச் ஆடிக் காட்டினால் பழைய இடம் உனக்கு என்றான் கேப்டன் சுப்பராயலு. அந்த மேட்ச்தான் இது. இடம் கிடைப்பது இருக்கட்டும், முட்டி தாங்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பிடிக்கிறவன் பிடித்தால்தானே தெரியும்.

இடைவேளையில் சுப்பராயலுவைத் தனியாக இழுத்தேன்.

"என் காலைப் புடிக்காதன்னு அவனுங்ககிட்ட சொல்லி வச்சியா?"

"உனக்கு இன்னா பைத்தியமா? மூணு பாயிண்டு எடுத்துக்கினு வந்து பேஜாரு பண்றியே."

அவனைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. உடனே என் மனைவி அம்சவள்ளியின் ஞாபகம் வந்தது. போன வாரம் அம்மா வீட்டுக்கென்று இந்தத் திண்டிவனத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனவள். கூட்டத்தில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீதானே சக்கரபாணிகிட்ட போய் அழுத?"

"நானா? அந்தப் பாவி எதிர்ல வந்தா காறித் துப்பியிருப்பேன். உங்களுக்கு ஜெயிச்சாலும் சந்தேகம், தோத்தாலும் சந்தேகம்."

அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

இரண்டாம் பாதியில் பாடிக்கொண்டே நேராகச் சக்கரபாணியிடம் போனேன். வலது காலை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஊன்றி நின்றேன். கற்றுக்குட்டிகூடப் பிடித்திருப்பான். அவன் கைகள் முன்னால் வந்தன, பாதியில் நின்றுவிட்டன. அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். கூட்டம் விசிலடித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரிதாபப்பட்டுப் போடுகிற பாயிண்டு எவனுக்கு வேண்டும்?

ஜெயித்தோம். சுப்பராயலு என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தான். அவனிடமிருந்து விடுபட்டு, குழாயடியில் தனியாக நின்ற சக்கரபாணியின் பனியனைப் பிடித்தேன்.

"நொண்டின்னு வுட்டுக் குடுத்தியா? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை." அவன் தலையைத் தூக்கவில்லை. "உன்ன மட்டுமா வுட்டேன்? அன்னைக்கு உன் முட்டி அறுந்த சத்தம் எனக்குத்தான் மொதல்ல கேட்டுது. அதுக்கப்புறம் ஒருத்தன் காலையும் புடிக்க முடியலை. கை போவுது, நின்னுடுது. இன்னையோட என்னை டீம்லருந்து எடுக்கறாங்க."

அவன் டீம்காரர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் அவனைக் கூப்பிடவில்லை. ஒரு வருஷமாக இவனைத் திட்டாமல் நான் படுத்த நாளில்லை. இப்போது வெட்கமாக இருந்தது.

பனியனை விட்டுவிட்டு, கையைப் பிடித்துக் காலி மைதானத்துக்கு இழுத்துப்போனேன்.

"புடி."

"வாணாம், அரங்கநாதா. மறுபடியும் ஆச்சுன்னா..."

"எனக்குத் தெரியணும்டா. புடி."

மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போனேன். அவன் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டு என் வலது முட்டியைக் கட்டிப்பிடித்தான். இழுத்தேன், திமிறினேன், அவன் விடவில்லை. இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

முட்டி தாங்கியது. என் பாட்டு நின்று வெகு நேரமாகியும் அவன் காலை விடாமல் அழுதுகொண்டிருந்தான். விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.