தளத்தில் கட்டிய தண்ணீர்

புதுக் காங்கிரீட் தளம் வெடிக்காமல் இருக்கக் கலவையால் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்துவார்கள். அது வற்றாமல் பார்த்துக்கொள்வது சித்தாளின் வேலை. இந்தத் தடவை அந்த வேலையை வானமே பார்த்துக்கொண்டது. குளிர் அடிக்க வேண்டிய மாதத்தில் பகலெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில், சாயங்காலமானால் ஒரு கொட்டு மழை. கொசுவுக்குக் கொண்டாட்டம்.

சித்தாள் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் துள்ளின. கீழே தகரக் கொட்டகையில் புருஷன் காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துக் கொட்டகைக் குழந்தையைக் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மிச்சம் இருப்பது தன் மகள்தான் என்று நினைத்தபோதே அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"மேஸ்திரி, தண்ணிய வடிச்சிடலாம். ஈரச்சாக்கு விரிச்சு நான் நனைச்சிக்கிட்டே இருக்கேன்."

"தளம் வெடிச்சா இன்ஜினியர் என்னைத்தான் கேப்பாரு. கொசு என்ன உன் விலாசம் விசாரிச்சிக்கிட்டா வருது?"

"எதுக்கு விசாரிக்கணும்? இங்கேயேதானே பொறக்குது!"

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி டீ குடிக்கப் போனார். எத்தனை நாள்தான் கெஞ்சுவது? கடப்பாரையை எடுத்து வரப்பை உடைத்தாள். தண்ணீர் மடமடவென்று ஓடி, லிஃப்ட்டுக்காக விட்டிருந்த சந்து வழியாகக் கீழ்க்குழியில் போய் நின்றது. ஆத்திரத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை.

"மாடியில குடியிருந்தவங்களக் கீழ் வீட்டுக்கு மாத்திட்டியேம்மா!" என்றார் கம்பி கட்டும் அண்ணன்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் தளத்தில் சணல் சாக்குகளை விரித்து நனைத்துவிட்டு, வாளியோடு குழியில் இறங்கினாள். மொண்ட தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் தூக்கிப்போனால், அது விளிம்புவரை சிமெண்ட் இறுகி அடைத்துக் கிடந்தது. கலவைச் சட்டியைத் தினமும் அதில் கழுவி ஊற்றியது யார்? அவளும்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, வெயிலில் காய்ந்து கிடந்த மணல் குவியலில் வாளியைக் கவிழ்த்தாள். உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு வாளி.

"ஏய்! நாளைக்குப் பூச்சு வேலைம்மா! ஈர மணல எப்படிச் சலிக்கிறது?" மேஸ்திரி டீ கிளாஸோடு ஓடிவந்தார்.

"நாளைக்கு என்னை வேலைய விட்டு நிறுத்திக்குங்க. இன்னிக்கு வழிய விடுங்க மேஸ்திரி."

அடுத்த வாளிக்கு அவள் குழியில் இறங்கிவிட்டாள்.