இரண்டாம் பாடத்தின் வீட்டுப்பாடம்

எங்கள் வீட்டில் எல்லா போனுக்கும் ஒரே பூட்டு: என் கணவரின் பிறந்த தேதி. யார் போனை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதுதான் குடும்ப ஒற்றுமையாம். நடப்பில் எல்லோரும் எடுப்பது என் போனைத்தான்.

கல்யாணத்துக்கு முன் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். மறுபடி வேலைக்குப் போக ஒரு சான்றிதழாவது வேண்டுமே என்று இணையப் பாதுகாப்பு பற்றிய ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஆரம்பநிலைதான், இலவசம்தான். அதனால்தான் வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை. குக்கர் விசிலுக்கு நடுவே, அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் படித்தேன்.

இரண்டாம் பாடம் கடவுச்சொல். பிறந்த தேதியை வைக்காதீர்கள், உங்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முழு வாக்கியத்தை வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார் ஆசிரியை. வீட்டுப்பாடம்: இன்றே மாற்றுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்கிற பாழாய்ப்போன புத்தி எனக்கு. மாற்றினேன்.

சாயங்காலமே நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். இந்த வீட்டு சிஐடி அவள்தான்.

"அண்ணா, அண்ணி போன் திறக்க மாட்டேங்குது!"

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"வகுப்புல மாத்தச் சொன்னாங்க," என்றேன்.

"வீட்டு ஆளுங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் கணவர்.

"யார்கிட்டயுமே சொல்லக் கூடாதாம்."

"மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கும்மா?" என்றார் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடுங்க, நானே திறந்து காட்டறேன்."

"வேணாம். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்," என்றார் கணவர். போன் அவர் கையில் இருந்தது.

மாற்றிச் சொன்னால் பூட்டு திறக்காது. திறக்காவிட்டால் சந்தேகம் இன்னும் வளரும். திருடியைப் போல நடுக்கூடத்தில் நின்று சொன்னேன்.

"வேலை கிடைச்சதும் தனியா போயிடுவேன்."

அவர் விரல் நின்றது. மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கணவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். திறந்துகொண்டது. மெசேஜ், கால், போட்டோ என்று அண்ணனும் தங்கையும் துழாவினார்கள். பாடங்களும் மளிகைச் சாமான் படங்களும்தான் இருந்தன.

"உள்ள ஒண்ணுமே இல்லையேண்ணா," என்றாள் நாத்தனார், ஏமாந்துபோய்.

எப்படி இருக்கும்? என்னிடம் இருந்த ஒரே ரகசியத்தைத்தான் பூட்டாகப் போட்டிருந்தேனே.

கணவர் பூட்டை மறுபடி தன் பிறந்த தேதிக்கு மாற்றினார். போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் பாடத்தின் தலைப்பு மட்டும் எனக்குத் தெரியும்: கடவுச்சொல் அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும். அதைப் படிக்க என்னிடம் போன் இல்லை.