வளனுக்கு வயது பதினைந்து

தண்டல் ஜேசுபாதத்தின் வயிற்றில் கத்தி மூன்று முறை இறங்கியது. நாலாவது குத்து விலா எலும்பில் பட்டு முனை ஒடிந்தது. கொழும்பிலிருந்து திரும்பிய தோணி அப்போதுதான் தூத்துக்குடியில் கரை பிடித்திருந்தது. பட்டப்பகல். சுற்றிலும் நாற்பது பேர் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். குத்தியவன் ஓடவில்லை. செத்துக்கொண்டிருந்தவன் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். தோணியில் சமையல் செய்கிறவன், பெயர் வளன்.

தண்டல்தான் தோணிக்குத் தலைவன். கடலில் அவன் வைத்ததுதான் சட்டம். ஜேசுபாதம் அந்தச் சட்டத்தை நனைந்த கயிற்றால் நடத்தினான். சோறு குழைந்தால் அடி, காற்று விழுந்தால் அடி. கடைசிப் பயணத்தில் பையனைப் பாய்மரத்தில் கட்டி இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டிருக்கிறான். அந்த முதுகை நான் பிறகு பார்த்தேன். முழுசாகத் தோல் இருந்த இடம் ஒரு சாண்கூடத் தேறாது. செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த நாகரிகம் வராது.

நான் நன்னடத்தை அலுவலர். சிறுவர் வழக்குகளை விசாரித்து கோர்ட்டுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. எழுபத்துநாலில் நடந்த இந்த வழக்கு என்னிடம் வந்திருக்கவே கூடாது. தோணியில் ஏறக் கொடுத்த அட்டையில் வளனுக்குப் பத்தொன்பது வயது. போலீசும் அதையே எழுதிக்கொண்டு பெரியவர்கள் ஜெயிலில் போட்டுவிட்டது. செஷன்ஸ் கோர்ட்டில் கொலை நிரூபணமானால் தூக்கு, தப்பினால் ஆயுள். ஐந்து மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஜெயிலுக்குப் போனபோதுதான் அவனைப் பார்த்தேன். மீசை முளைக்க வேண்டிய இடத்தில் வேர்க்குரு இருந்தது. குரல்கூட இன்னும் உடையவில்லை.

“ஏலே, நெசத்தச் சொல்லு. ஒனக்கு என்ன வயசு?”

“பத்தொம்பது.”

“பொய் சொன்னா தூக்குல போட்டுருவானுவ.”

“போடட்டும். சின்னப் பயன்னு தெரிஞ்சா இங்கன என்ன செய்வானுவன்னு ஒமக்குத் தெரியுமா?”

சட்டையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்செல்லாம் பீடிச் சூடு. இரண்டு விரல்கள் ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தன. “மொதல்ல அழுதேன். பொறவு ஒருத்தன் காதக் கடிச்சுத் துப்பிட்டேன். இப்பம் ஒருத்தனும் கிட்ட வாரதில்ல” என்றான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனின் பூரிப்பு அவன் முகத்தில் இருந்தது.

மறுநாளே அவன் ஊரான பெரியதாழைக்கு பஸ் ஏறினேன். அவனுடைய தாய் அமலோற்பவம் என்னை வாசலோடு நிறுத்தினாள். “எம்மவனுக்குப் பத்தொம்பதுதான். கோயில் சீட்டே இருக்கு” என்று ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து என்று அதில் அழகாக எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சீட்ட பத்திரமா வச்சுக்கோம்மா. அவனத் தூக்குல போட்ட பொறவு பெட்டிக்குள்ள வச்சுப் பொதைக்கலாம்” என்றேன்.

பளாரென்று அறைந்தாள். காது ரீங்கரித்தது. நான் பேசியதற்கு இன்னும் இரண்டு கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் அப்படியே மணலில் சரிந்து, தன் நெஞ்சில் மாறி மாறி அறைந்துகொண்டு கதறினாள்.

அந்தச் சீட்டுக்குரிய வளன் மூத்தவன். மூன்று வயதில் வாந்திபேதியில் செத்துப்போனான். மறு வருஷம் பிறந்த பிள்ளைக்கும் அதே பெயரை வைத்தார்கள். செத்த பிள்ளையின் பெயர் அழியக் கூடாது என்று அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பிறகு புருஷன் கடலோடு போனான். பையனைத் தோணியில் ஏற்றப் போனால் பதினெட்டு நிறையாமல் அட்டை கிடையாது என்றார்கள். கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியாரிடம் போய் மூத்தவனின் சீட்டைக் கேட்டாள். ஏட்டில் பெயரும் தாய் தகப்பனும் சரியாக இருந்ததால் அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

“செத்த பிள்ள உசுரோட இருக்கான்னு கோயில்லயே பொய் சொன்னேன்யா. அதுக்குத்தான் ஆண்டவரு இவனயும் கேக்காரு.”

“ஆண்டவர் கேக்கல, சர்க்கார் கேக்குது. எந்திரி, கோயிலுக்குப் போவோம்” என்றேன்.

ஞானஸ்நான ஏட்டில் இரண்டு வளன்கள் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏட்டில் ஐம்பத்தெட்டாம் வருஷப் பக்கத்தில் ஒரு வளன் இருந்தான். சாமியார் நகல் எழுதிக் கொடுத்தார். எனக்கு அங்கேயே கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

வழக்கைச் சிறுவர் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மற்றச் சிறுவர்களோடு வைக்கத் தகுந்தவனா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. அந்த இடத்தில் பேனா நின்றது. கடித்துத் துப்பிய காதை நினைத்தேன். அதை எழுதினால், அடங்காதவன், ஜெயிலிலேயே இருக்கட்டும் என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட இடமுண்டு. இவ்வளவு பாடுபட்டுத் தோற்பதா? ‘அமைதியான சுபாவம். தாயிடம் பாசமுள்ளவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சிறுவர் கோர்ட் என்றால் தனிக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். அதே கோர்ட்டின் பின்பக்கத்து அறைதான். அங்கே கறுப்புக் கோட்டும் கிடையாது, கூண்டும் கிடையாது. போலீஸ்காரர்கள்கூடச் சாதாரண உடுப்பில்தான் வர வேண்டும். வாசலில் விலங்கைக் கழற்றி வளனை உள்ளே விட்டார்கள். மணிக்கட்டு இரண்டும் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. மாஜிஸ்திரேட் ஏட்டு நகல்களைப் படித்தார், என் அறிக்கையைப் படித்தார், பையனை ஒரு முறை பார்த்தார். வயது பதினைந்து என்று ஏற்றுக்கொண்டார். விசாரணை முடிந்து, பதினெட்டு வயதுவரை சீர்திருத்தப் பள்ளி என்று உத்தரவானது. அமலோற்பவம் என் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஓர் உயிரைக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது.

நான் போனபோது சாப்பாட்டுக் கூடத்துத் தரையை இன்னும் கழுவவில்லை. கஞ்சியும் ரத்தமும் கலந்து கிடந்தது. மாடக்கண்ணு என்று பத்து வயதுப் பையன். ஆத்தூர்ப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை திருடினான் என்று வந்தவன். அவன் வழக்கிலும் அறிக்கை எழுதியது நான்தான். பந்தியில் வளனுக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. வளனின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து அதைக் கையில் எடுத்திருக்கிறான். வளன் தட்டைப் பிடுங்கி அதன் விளிம்பால் அவன் கண்ணில் வெட்டியிருக்கிறான். அதோடு விடவில்லை. தலைமயிரைப் பிடித்துத் தரையில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறான். மூன்று காவலர்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

வளன் மூலையில் குந்தியிருந்தான். முழங்கைவரை ரத்தம். “எந்தட்டுல கைய வச்சான் சார்” என்றான். “தட்ட விட்டா எல்லாம் போச்சு. ஜெயில்ல அப்படித்தான்.”

“அட பாவி, ஒனக்குக் கஞ்சி வாங்கிட்டு வரத்தானலே எடுத்தான்!”

அவனுக்குப் புரியவே இல்லை. “எனக்கா? எனக்கு எதுக்கு?” என்றான்.

நான் அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். நன்னடத்தை அலுவலர்! அவன் தடுக்கவில்லை. தலையை மட்டும் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அடி வாங்கத் தெரிந்த பிள்ளை. என் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தை அவன் முதுகில் தீர்த்துக்கொண்டேன் என்பது கை நின்ற பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் மாடக்கண்ணுவின் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கண் போய்விட்டது. நினைவு இன்னும் திரும்பவில்லை. கட்டிலுக்குக் கீழே அவனுடைய தாய் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். வயல் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள், காலில் சேறு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்தாள்.

“ஐயா, சின்னப் பிள்ளைய இருக்க எடம்னுதான சொன்னிய. அங்கன எப்படிய்யா இவ்வளவு பெரிய ஆள வச்சிருந்தாவ?”

“அவனும் சின்னப் பிள்ளதாம்மா. பதினைஞ்சு வயசு. அமைதியான பையன்னுதான் அனுப்பினாங்க.”

“யாருய்யா அப்படிச் சொன்னா?”

“நான்தாம்மா” என்றேன்.