அவள் பெயரில் ஒரு புல்

புல்லு சார் என்று சொன்னால்தான் அந்தத் தாவர ஆராய்ச்சி நிறுவனத்து வாயிற்காவலருக்குக்கூடத் தெரியும். இரண்டு புல்லை அருகருகே வைத்தால் நமக்கெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, "இது வேற, அது வேற" என்று பிரித்துவிடுவார். அப்படிப் பிரித்ததில் ஒன்றுக்குத் தம் மனைவியின் பெயரையே வைத்திருந்தார். வண்டி பழுதாகி நின்ற ஒரு கல்மேட்டில், பொழுது போகாமல் அவள் வேரோடு பிடுங்கியது அது.

"போயும் போயும் ஒரு புல்லுக்கா என் பேரு? பூவுக்கு வைக்கத் தோணலையா?" என்று அவள் கேலி செய்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையாகச் சிரித்ததும் அவள்தான்.

இப்போது அவள் இல்லை. பிள்ளைகுட்டியும் கிடையாது. அந்தப் புல் மட்டும் பால்கனித் தொட்டியில் இருந்தது. காலையில் பல் துலக்கும் முன்பே அதனிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். மற்றபடி அந்த வீட்டில் அவருக்கு வாய் திறக்க வேலையில்லை.

அன்று காலை ஆய்வகத்துப் பெண் நிறுவனத்தில் அவர் அறைக்கு வந்து உட்காராமல் நின்றாள். நெருங்கிய சொந்தமான புற்களை டி.என்.ஏ. பார்த்து மறுபடி வகைப்படுத்தும் வேலை அவளுடையது.

"சார், உங்க புல்லும் சாலையோரப் புல்லும் ஒண்ணாதான் வருது."

"சோதனைக் குழாய் மாறியிருக்கும்."

"நாம தாள்ல ஒட்டிவச்சிருக்கிற காய்ஞ்ச செடிங்க ஒவ்வொண்ணுலேர்ந்தும் இலை எடுத்துப் பாத்துட்டேன் சார். எல்லாம் அப்படித்தான் வருது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அது இந்தத் தொழிலின் சட்டம். சாலையோரப் புல்லின் பெயர் அவருடைய தாத்தா காலத்துக்கும் முந்தையது. மனைவியின் பெயர் செல்லாமல் போய்விடும்.

"இதுக்குத் தண்டைச் சுத்தி ரோமம் இருக்கும்மா. அது வழவழன்னு இருக்கும். எப்படி ஒண்ணாகும்?"

அந்தப் புல்லுக்கு வைத்தது யாருடைய பெயர் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும். குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா இதை மட்டும் விட்டுட்டு மத்ததை எழுதிடலாம் சார். யாரும் கேக்கப் போறதில்ல."

கேட்க மாட்டார்கள்தான். இந்தப் புல்லைப் பற்றிக் கேட்க உலகத்தில் எவன் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறான்? ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"காய்ஞ்ச இலையை நம்பாதே. நாளைக்கு வீட்லேர்ந்து பச்சையா கொண்டுவர்றேன். அதுல பாரு," என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போனார். வெட்டுமுன், பழக்க தோஷம், சட்டைப்பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

ரோமம் இல்லை. அடுத்த தண்டைப் பார்த்தார். அதிலும் இல்லை. தொட்டி முழுக்கத் தேடிவிட்டார். எல்லாம் வழவழவென்றே இருந்தன. காய்ந்த கல்மேட்டில் வெயிலுக்காகப் போர்த்திக்கொண்ட ரோமம் அது. வேளாவேளைக்குத் தண்ணீர் கிடைத்ததும், புதிதாக வந்த தண்டுகள் அது இல்லாமலே வந்திருக்கின்றன. எப்போதிலிருந்து? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரிலிருக்கும் புல்லையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்த மனுஷன், இதை ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? அவருக்கு அது புல்லா என்ன!

தொட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அடக்கமாட்டாமல் அழுதார்.

மறுநாள் வெறுங்கையோடு ஆய்வகத்துக்குப் போனார்.

"பச்சை இலை வேண்டாம்மா. ரெண்டும் ஒண்ணுதான். அப்படியே எழுது."

"சார்..."

"பழைய பேருக்குக் கீழே சின்ன எழுத்துல இந்தப் பேரையும் போடுவோம்ல? அதுல எழுத்துப்பிழை வராம பாத்துக்கோ."

அறைக்குத் திரும்பினார். மனைவியைத் தெரிந்த யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மிச்சமிருப்பது அவள் தம்பி ஒருவன்தான். போன் போட்டார்.

"சொல்லுங்க அத்தான். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்கக்கா பேர்ல ஒரு புல்லு இருந்துச்சுல்ல, அந்தப் பேரு போச்சுப்பா."



"எந்தப் புல்லு அத்தான்?"

"ஒண்ணுமில்லப்பா," என்றார் புல்லு சார். "சும்மாதான் கூப்பிட்டேன்."