இறக்கம் மட்டும் பாக்கி

சுந்தரேசன் ஒருக்களித்துத்தான் குளியலறைக்குள் நுழைந்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் மகள் இளமதி. மடியில் வரைதாள் புத்தகம், கையில் பென்சில். அவர் மதிய ஷிப்டுக்குப் பேருந்து ஓட்டப் போகும் நாள்களில், காலை பத்து மணிக்கு அவளுடைய வேலை இதுதான்.

சவரம் செய்யும்போது அவருக்கு ஒரு முணுமுணுப்பு வரும். வார்த்தை கிடையாது. சின்ன வயதில் டேங்க் ரோடு கோயிலில் கேட்ட நாதஸ்வரத்தில் மிஞ்சியது என்று அவராகவே நினைத்துக்கொள்வார். குரல் ஏறினால் பென்சில் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தக் கோட்டுக்கு நீலமும் சாம்பலும் பூசினால் மலைத்தொடர். சமூக மன்றத்தில் அவள் படங்களை மாட்டியபோது இது எந்த ஊர் மலை என்று கேட்டவர்களிடம், எங்கப்பா பாத்ரூம் மலை என்றாள். இருபத்து மூன்று வயதுவரை அவள் ஏறிய உயரம் குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்த பன்னிரண்டாம் மாடிதான். பிறவியிலேயே பழுதான இதயம். விமானம் கூடாது, மலையும் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

அன்று கோடு உச்சியைத் தொட்டபோது அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி ஓய்வதற்குள் அவர் முகம் கழுவியிருந்தார்.

“அப்பா, எறக்கம் மிஸ் ஆயிடுச்சு. இன்னொரு தடவ.”

“கேட்டா வராதும்மா. நாளைக்கு ஷேவ் பண்றப்ப புடிச்சுக்க.”

“பெரிய வித்வான் லா இவரு. டைம் குடுத்துதான் பாடுவாரு.”

சிரித்துக்கொண்டே ஒருக்களித்து வெளியே வந்தார்.

நான்கு மணிக்கு, பயணிகள் இறங்கியபின், மேற்பார்வையாளர் பேருந்தில் ஏறி மிச்சத்தை வேறொருவர் ஓட்டுவார் என்றார். சுந்தரேசன் கைப்பிரேக்கைச் சரிபார்த்தார். தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் என்ன ஆயிற்று என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்த இளமதி எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சவப்பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொள்ளி வைப்பவர் மழித்துக்கொள்ள வேண்டும். மணமாகாத பெண், கூடப் பிறந்தவர் யாருமில்லை, அப்பாதான். பஃபலோ ரோட்டிலிருந்து முடிதிருத்தும் அழகர்சாமி சவரப் பையோடு வந்திருந்தார். மீசையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று தயங்கிச் சொன்னார்.

கன்னத்தில் நுரை பட்டபோதுதான் சுந்தரேசனுக்கு உறைத்தது. நாளைக்கு என்று அவர் சொன்னது இதைத்தான்.

மின்தூக்கியிலிருந்து அவர் மனைவி வசந்தகுமாரி வந்தாள். அந்தப் புத்தகமும் பென்சிலும் கையில் இருந்தன. ஒரு நாற்காலியை இழுத்து அவர் முழங்காலருகே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க. இந்த எறக்கம் மட்டுந்தான் பாக்கி. நீங்க பாடுங்க, நான் கோட்ட இழுத்துடறேன். முடிச்சு அவகிட்ட குடுத்துடலாம்.”

பெட்டியை மூட இரண்டு மணி நேரம் இருந்தது.

அழகர்சாமி கத்தியை விலக்கிப் பிடித்துக்கொண்டார். சுந்தரேசன் கண்ணை மூடி அது எங்கே தொடங்கும் என்று தேடினார். இத்தனை வருடம் தானாக வந்துகொண்டிருந்ததற்கு எது தொடக்கம் என்று தெரியவில்லை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“மெதுவா, அண்ணே,” என்றார் அழகர்சாமி.

நுரை காய்ந்தது. மறுபடி தடவினார். அதுவும் காய்ந்தது.

“வரல, வசந்தா.”

பென்சில் முனை உச்சியிலேயே நின்றிருந்தது. “நானும் தெனம் கேட்டிருக்கேன், அடுப்படியிலேருந்து,” என்றாள் அவள். “என்ன பாட்டுன்னு கவனிச்சதே இல்ல.”

கத்தி இறங்கியது. மீசை போயிற்று. இளமதி ஒருநாளும் பார்த்திராத முகத்தோடு அவர் பெட்டியருகே போய் நின்றார். வசந்தகுமாரி புத்தகத்தை அப்படியே மகளின் கைக்குக் கீழே வைத்தாள். பென்சிலையும் வைத்தாள்.

மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்ப ஐந்து மணியாயிற்று. தலை முழுகத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். குளியலறை வாசலில் ஸ்டூல் கிடந்தது. ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது.