சைக்கிள் பாதையில் குறுவை நெல்

நன்னிலம் பக்கம் வாய்க்கால் ஓரமாக இரண்டு கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டார்கள். புறம்போக்கு நிலம் இருந்த இடத்தில் தொடங்கி, அது தீர்ந்த இடத்தில் பாதையும் தீர்ந்தது. வழியில் பள்ளிக்கூடமும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. மக்களைச் சைக்கிளுக்குத் திருப்பும் திட்டம் என்று ஒரு பலகை நின்றது. மக்கள் அதைப் படித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

வானதிக்குத்தான் அந்தப் பாதை கைகொடுத்தது. அவளுடைய குறுவை நெல்லில் ஈரம் இருபத்திரண்டு சதவீதம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னொரு மழை பிடித்தால் நெல் முளைத்துவிடும். விடிந்ததும் பாதை நெடுகக் கொட்டிப் பரப்பினாள்.

எட்டு மணிக்கு என்ஜினீயர் குணசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நெல்ல அள்ளுங்கம்மா. பத்து மணிக்குச் சென்னையிலேர்ந்து குழு வருது. எத்தன சைக்கிள் போகுதுன்னு எண்ணிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு நிதி தருவாங்க."

"போன மாசம் பூரா எத்தன போச்சு சார்?"

என்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் யாரு ஓட்டப்போறா?"

"துரைராசுகிட்ட நாப்பது பேருக்குச் சொல்லியிருக்கேன்."

துரைராசு கட்சி மாநாடுகளுக்கு ஆள் பிடித்துத் தருபவர். கையில் கொடியா, சைக்கிளா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

"அள்ளி முடிக்க மதியமாயிடும் சார். அதுவரைக்கும் அவங்கள வாய்க்கால்லயா ஓட்டச் சொல்லுவீங்க? நெல்லு மேலயே போகட்டும். காலால கிளறிவிட எனக்கு ஆளு கெடைக்கல. சக்கரம் போனா சால் சாலாப் பிரியும், அடி ஈரமும் காயும்."

"விழுந்துட்டா?"

"நெல்லு மேலதானே விழுவாங்க. தார்ல விழுந்தாத்தான் உங்களுக்குக் கேஸு."

குழு வந்தது. நாற்பது பேரும் நெல்லில் வழுக்கி வழுக்கி உழுதார்கள்.

"ஏன் இவ்வளவு மெதுவா போறாங்க?" என்று காருக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கேட்டார்.

"பாதுகாப்பு விழிப்புணர்வு மேடம்" என்றார் குணசேகரன்.

அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார். திரும்பித் திரும்பி வந்தவர்களை எல்லாம் சேர்த்து எண்ணிக்கை முந்நூறைத் தொட்டது. குழுவில் ஒருவரும் இறங்கி மிதித்துப் பார்க்கவில்லை, வெயில்.

மூன்று மணிக்குக் கொள்முதல் நிலையத்தில் ஈரமானி பதினேழு காட்டியது. கடைசி மூட்டை தராசில் ஏறிக்கொண்டிருந்தபோது குணசேகரன் சிரித்த முகமாக வந்தார்.

"குழுவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. இன்னும் ரெண்டு கிலோமீட்டருக்கு நிதி வருது."

"சம்பா அறுப்புக்குள்ள போட்டுருவீங்களா சார்?"